விளிம்புக்கு நடந்த புழுக்கள்

புழு பழுத்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னது ரேடியோதான். எதிர்த்துச் சொல்ல அன்றைக்கு வீட்டில் வேறு ஆள் இல்லை.

ரேடியோ என்பது தெருக்காரர்கள் வைத்த பேர். கண் விழித்ததிலிருந்து படுக்கிறவரை பேசிக்கொண்டே இருப்பான். நாற்பதைத் தொடப்போகிற ஆள். பாத்திரக் கடையில் இருந்தான், லாரி ஆபீசில் இருந்தான், கொஞ்ச நாள் சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழித்தான். எங்கேயும் அவனை யாரும் திட்டி அனுப்பியதில்லை. "நல்ல மனுஷன்பா, சிரிச்ச முகம்" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். கடைசியில் பெட்டியோடு அக்கா வீட்டுப் படியேறினபோது அக்கா கேட்டது ஒரே கேள்வி: "சாப்டியா?" அதிலிருந்து அவன் அங்கேதான் சாப்பிடுகிறான்.

அக்கா பட்டுப்புழு வளர்க்கிறவள். வீட்டுக்குப் பின்னால் நீளமாகப் புழுமனை. முன்னால் பெரிய கூடம், அதில் தட்டுத் தட்டாக அடுக்குகள். அதற்குப் பின்னால் கதவு வைத்த சின்ன அறை ஒன்று, அதில் ஒரே ஒரு அடுக்கு. மனைக்கும் வீட்டுக்கும் நடுவே கிணறு, மனையைத் தாண்டினால் மல்பெரித் தோட்டம். இவ்வளவுதான் அவர்கள் உலகம்.

அந்த உலகத்துக்கும் அப்போது கெடு வைத்தாகியிருந்தது. போன தடவை வெயில் தாங்காமல் புழு சுருண்டது. அதற்கு முந்தின தடவை, பக்கத்துத் தோட்டக்காரர் அடித்த மருந்து காற்றில் வந்து இலையில் படிந்து, தின்ற புழுவெல்லாம் வாந்தியெடுத்துச் செத்தது. அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, பொறுமையான மனுஷர்தான். அவரே சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை போச்சுன்னா விட்டுடலாம். தண்ணி கேன் கம்பெனிக்காரன் குடோனுக்கு இடம் கேட்டுக்கிட்டே இருக்கான். அவன் கேன் வாந்தியெடுக்காது." அக்கா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "இந்தத் தடவை பாப்போம்" என்றாள்.

இந்தத் தடவை புழு நன்றாகத்தான் வந்தது. நாலாவது தோலை உரித்துவிட்டு, விரல் பருமனுக்கு, வெள்ளை வெளேரென்று. அந்தக் கடைசிப் பருவத்தில் புழு தின்கிற தீனிக்குக் கணக்கே கிடையாது. பரீட்சை அறையில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தாளைத் திருப்பினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம், ஓயவே ஓயாது. அக்காவும் ரேடியோவும் இலை வெட்டி, சுமந்து, பரப்பி, எச்சத்தைக் கூட்டி, மறுபடி இலை வெட்டி, உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுகிற நிலைக்கு வந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் மாமாவுக்குக் கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் நாள் கிடைத்தது. தள்ளிப்போட்டால் இனி எப்போது கிடைக்குமோ.

கிளம்பும்போது அக்கா வாசலில் நின்று சொன்னாள்: "இலை போடு. உள்ள போகும்போது கையக் கழுவு. ஒவ்வொரு அடுக்குக்கும் கழுவு. வேற எதையும் தொடாத. யோசிக்காத."

"யோசிக்கிறதுக்கு நான் எப்பக்கா பழகியிருக்கேன்?"

"அதான் பயமா இருக்கு."

காலைத் தீனி ஒழுங்காக முடிந்தது. மேகம் கட்டிக்கொண்டு காற்றே இல்லாத நாள். மத்தியானம் இலைக் கூடையோடு உள்ளே போன ரேடியோ முன் கூடத்தில் அப்படியே நின்றுவிட்டான். புழுக்கள் நடந்துகொண்டிருந்தன.

பட்டுப்புழு சாதாரணமாக நடக்காது. போட்ட இடத்தில் கிடந்து, வாய்க்கு எட்டினதைத் தின்னும். கூடு கட்டுகிற நேரம் வந்தால்தான் தின்பதை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கி, இடம் தேடித் தட்டின் விளிம்புக்கு நடக்கும். அதைத்தான் பழுத்த புழு என்பார்கள். பழுத்ததைப் பொறுக்கிச் சந்திரிகையில், அதாவது மூங்கில் பட்டையைச் சுருள் சுருளாகப் பின்னின பெரிய தட்டியில், விட்டால் கூடு கட்டிக்கொள்ளும். அதற்கு இன்னும் மூன்று நாலு நாள் இருக்கிறது என்றுதான் அக்கா சொல்லியிருந்தாள்.

ஆனால் இதோ நடக்கின்றனவே! முதல் அடுக்கில் ஒரு தட்டு முழுக்க, விளிம்பில் வரிசை கட்டி, சில அடுக்கின் காலைப் பிடித்து மேலே ஏறிக்கொண்டு. ரேடியோ ஒன்றை எடுத்துச் சாக்குத் திரையின் இடுக்கில் வந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மினுமினு என்றிருந்தது. பழுத்த புழுவும் மினுங்கும். போதாதா? அக்காவுக்குப் போன் போட்டான். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது போன்.

"சரி, அதுக்கே அவசரம்னா நாம என்ன தடுக்கவா முடியும்?" என்று அடுக்கைப் பார்த்துச் சொன்னான். "வாங்க, வாங்க. வரிசையில வாங்க."

ஒரு தட்டு பழுத்தால் மற்றதும் பழுத்திருக்கும் என்று, ஒரு பேசினை எடுத்துக்கொண்டு தட்டுத் தட்டாகப் பொறுக்க ஆரம்பித்தான். பொறுக்கும்போது சில புழுக்கள் விரல் பட்டதும் பொத்தென்று உடைந்து, வெள்ளை வெளேரென்று பாலை ஒழுகவிட்டன. கொஞ்சம் திகைத்தான். பிறகு அதற்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிட்டது. வயிறு நிறையப் பட்டு இருந்தால் ஒழுகத்தானே செய்யும்! நூலாக வர வேண்டியது அவசரத்தில் பாலாக வருகிறது. கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போனான். கழுவுகிற பேசினில்தான் புழு இருந்ததே, எதில் கழுவுவது?

முன் கூடம் முழுக்கப் பொறுக்கி முடித்துச் சந்திரிகைகளில் விட்டபோது இடுப்பு விட்டுப்போயிருந்தது. உள்ளறை பாக்கி. அதன் மரத் தாழ்ப்பாள் மழைக்காலத்தில் உப்பி இறுகி, கதவைக் காலால் ஓர் உதை கொடுத்தால்தான் திறக்கும். ரேடியோ கதவைப் பார்த்தான், காலைப் பார்த்தான். "ராத்திரிக்குள்ள இதுவும் பழுத்துடும். பழுக்கப்போற புழுவுக்கு எதுக்கு இலை?" என்று சொல்லிவிட்டு டீ போட்டுக் குடித்தான். ரொட்டியைத் தொட்டுத் தின்றான். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக யாரும் சொல்லாமல் ஒரு பெரிய வேலையை முடித்திருக்கிறோம் என்று நெஞ்சு நிறைந்துபோய், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அக்கா வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டார்கள். மாமா ஒரு கண்ணில் கட்டும், அதன்மேல் கறுப்புக் கண்ணாடியும், மற்றக் கண்ணில் ஏற்கெனவே மங்கின பார்வையுமாக அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினார்.

"அக்கா, கண்ண மூடிக்கிட்டு உள்ள வா. மாமா, நீங்க பாதி மூடியாச்சு, மீதியையும் மூடிக்குங்க!"

அக்கா சிரிக்கவில்லை. அவன் லுங்கியைப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்த கறை. தோளிலிருந்த மாமாவின் கையை எடுத்துச் சுவரில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கிணற்றடியில் கை கால் கழுவிக்கொண்டு மனைக்குள் போனாள். ரேடியோ பின்னாலேயே போனான்.

சந்திரிகைகளில் ஒரு புழுகூட நூல் விட்டிருக்கவில்லை. பல உச்சி வரை ஏறி, பின்கால்களால் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கின. சில கறுத்துவிட்டன. சிலவற்றிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பால் தரையில் விழுந்தது. வாடை வேறு வர ஆரம்பித்திருந்தது. தட்டுகளில் மிச்சமிருந்த புழுக்கள் பால் பட்ட இலையைத் தின்றுகொண்டிருந்தன.

அக்கா அடுக்கு அடுக்காகப் பார்த்துக்கொண்டே கடைசி வரை போனாள். பிறகு கேட்டாள்: "உள்ளறை?"

"அது... அதுக்கு இன்னும் போகல."

"இலை?"

"போடல."

"கதவ?"

"காலையில திறந்ததோட சரி, அப்புறம் திறக்கவே இல்லக்கா. தாழ்ப்பாள்..."

அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தான். "கையக் கழுவு. லுங்கிய அவுத்து வெந்நீர்ல போடு. அந்தக் கதவுப் பக்கம் போகாத," என்றாள். அவ்வளவுதான்.

புழு நோய் பார்க்கிற அம்மா மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் வந்தாள். வட்டாரத்துப் புழுமனைகளுக்கெல்லாம் அவள்தான். கண்ணுக்குக் கீழே கறுவளையம், ஸ்கூட்டரின் முன்னால் ஒரு மரப்பெட்டி. அதற்குள் மைக்ரோஸ்கோப். அதனால் அவளுக்கு எல்லோரும் வைத்த பேர் பெட்டியம்மா. அந்த வாரம் இது அவளுக்கு எத்தனையாவது மனையோ, வாசலில் நின்ற விதத்திலேயே அலுப்புத் தெரிந்தது.

வராந்தா மேஜையில் பெட்டியைத் திறந்து, ஒரு புழுவின் காலைக் கிள்ளி, சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் விட்டுப் பார்த்தாள். "பால் நோய்" என்றாள். "பாக்காமலே தெரியும். பாத்துட்டுச் சொன்னாத்தான் நம்புறாங்க. வாங்கண்ணே, நீங்களும் பாருங்க."

ரேடியோ குனிந்து ஒரு கண்ணை வைத்தான். முதலில் தன் கண் இமைதான் தெரிந்தது. பிறகு தெரிந்தது. கல்கண்டை நொறுக்கிக் கொட்டின மாதிரி, பட்டை தீட்டின சின்னச் சின்னத் துண்டுகள், பளபளவென்று, எண்ணிக்கையில்லாமல்.

"அழகா இருக்கே!"

"அழகாத்தான் இருக்கும். ஒவ்வொரு துண்டுக்குள்ளயும் வைரஸ் அடைஞ்சு கெடக்கு. மண்ணுல, சுவத்து இடுக்குல, மூங்கில் பட்டையில வருஷக்கணக்கா உசிரோட இருக்கும். புழு இலையோட அதைத் தின்னா வயித்துல கரைஞ்சு வெளிய வந்துடும்."

அக்கா தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். மாமா நாற்காலியில் உட்கார்ந்து சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஆனா மேடம்," என்றான் ரேடியோ, "நோய் வந்தா சுருண்டு படுக்கணும். இதுங்க என்னடான்னா ஊர்வலம் போகுது. பழுத்த புழு மாதிரியே நடந்துச்சு. நான் மட்டுமில்ல, யாரா இருந்தாலும்..."

"நடந்தது புழு இல்லண்ணே" என்றாள் பெட்டியம்மா.

"பின்ன?"

"வைரஸ்தான் நடக்க வைக்குது. அதுகிட்ட நூத்துக்கும் மேல ஜீன் இருக்கு. ஜீன்னா, இதைச் செய், அதைச் செய்னு எழுதி வச்ச உத்தரவு மாதிரின்னு வச்சுக்குங்க. ஒண்ணு புழுவோட செல்லுக்குள்ள புகுறதுக்கு, ஒண்ணு பெருகுறதுக்கு, ஒண்ணு அந்தக் கல்கண்டு ஓட்டைக் கட்டுறதுக்கு. அதுல ஒண்ணு, இந்த நடைக்கு. ஆராய்ச்சிக்காரங்க அந்த ஒரு ஜீனை மட்டும் வைரஸ்ல இருந்து எடுத்துட்டுப் புழுவுக்குக் குடுத்துப் பாத்தாங்க. புழு செத்துச்சு. ஆனா இப்படி ஓடல."

"ஓடி என்ன ஆகப்போகுது அதுக்கு?"

"புழுவுக்கு ஒண்ணும் ஆகாது. வைரஸுக்குத்தான் லாபம். ஒரே இடத்துல செத்தா ஒரே இடம்தான் கெடும். நடந்துக்கிட்டே இருந்தா, மேல ஏறினா, தோல் கிழிஞ்சு பால் நாலு இடத்துல ஒழுகும். கீழ இருக்கிற இலையில படும். மத்த புழு திங்கும்."

ரேடியோ தன் கைகளைப் பார்த்தான். வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துத் தோல் சிவந்திருந்தது.

"இதுல இன்னொரு கூத்து," என்று பெட்டியம்மா கண்ணாடித் துண்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நடக்க வைக்கிற அந்த ஜீன் ஆதியில வைரஸோடது இல்லையாம். எப்பவோ ஏதோ ஒரு புழுகிட்ட இருந்து எடுத்துக்கிட்டதா இருக்கலாம்ங்கிறாங்க. அதே மாதிரி ஒண்ணு புழுகிட்டயும் இருக்கு."

மாமா முதல்முறையாக வாயைத் திறந்தார். "அதாவது, வீட்டுச் சாமானை எடுத்துத்தான் வீட்டைக் கவுத்திருக்கு."

"அப்படித்தான் சார்."

"வீட்டுக்குள்ளயே இருந்து, வீட்டுச் சாப்பாடே சாப்ட்டு..." என்று ரேடியோ ஆரம்பித்தான். யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்: "மேடம், ஒண்ணே ஒண்ணு. இது என்னாலதானா?"

பெட்டியம்மா அக்காவைப் பார்த்தாள், பிறகு பெட்டியைப் பார்த்தாள். "அப்படிச் சொல்ல முடியாதுண்ணே. வைரஸ் எங்க இல்ல? மேகமூட்டம், புழுக்கம், திடீர்னு குளிர் காத்து, ஈர இலை, எல்லாம் ஒரு காரணம்தான். முன் கூடத்துல எல்லாத் தட்டுலயும் பால் பட்டிருக்கு, எதுவும் தேறாது. மொத்தத்தையும் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடிடுங்க. உள்ளறைக்கு ஒரே ஆள் மட்டும் போகணும்."

"நான் போறேன்" என்றாள் அக்கா.

"அதுவும் நடக்க ஆரம்பிச்சா?" என்றார் மாமா.

"இன்னும் ரெண்டு மூணு நாள்ல நடக்கத்தானே செய்யும். பழுத்து நடந்தாலும் நடைதான், நோயில நடந்தாலும் நடைதான். நடையை வச்சு முடிவு பண்ணாதீங்க. பழுத்தது உடம்பு சிறுத்து, எதிர்ப்பக்கம் தெரியிற மாதிரி இருக்கும். நோய் புழு மூங்கில் கணு மாதிரி வீங்கியிருக்கும். அதுலயும் நம்ம கண்ணு ஏமாத்தும். நூல் புடிச்சா மட்டும் நம்புங்க."

குழியை ரேடியோதான் வெட்டினான், தோட்டத்துக்கு வெளியே, கிணற்றிலிருந்து தள்ளி. ராத்திரி பெய்த மழையில் நனைந்த மண் மண்வெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டது. கூடை கூடையாகப் புழுவைக் கொண்டுவந்து கொட்டினான். அதில் பாதி அப்போதும் நடந்தன. குழியின் சுவரில் ஏறப் பார்த்தன. சுண்ணாம்புத் தூளை அள்ளிப் போடும்போது வழக்கம்போல ஏதாவது சொல்ல வாய் வந்தது. "போயிட்டு வாங்க" என்றுகூடச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

பிறகு தட்டுகளை ப்ளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டு, சந்திரிகைகளை வைக்கோல் நெருப்பில் வாட்டி, தரையைக் கழுவி, சுவரைக் கழுவி, மறுபடியும் தரையைக் கழுவினான். கண்ணும் மூக்கும் எரிந்தன. மத்தியானம் மாமாவும் அவனும் வராந்தாவில் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஆறிப்போன சோறு, வேகவைத்த முட்டை, உப்பு. அக்கா தோட்டத்தில் உள்ளறைக்குத் தனியாக இலை வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் வெட்டினால் அவன் கை படும்.

"மாமா."

"முட்டை எங்க இருக்கு? வலப்பக்கமா?"

"இடப்பக்கம். மாமா, நான் ஒண்ணு கேட்டா நேரா பதில் சொல்வீங்களா?"

"கண்ணே நேரா தெரியல. பதில் எப்படி நேரா வரும்?"

"இது என்னாலதானே?"

மாமா முட்டையைத் தேடிப் பிடித்து உடைத்தார். "யாரால வந்தா என்ன மாப்ள? வெயிலு வந்தப்ப வெயிலக் கேட்டமா? மருந்து அடிச்சானே, அவன் மூஞ்சியில முழிக்காம இருக்கமா? நேத்துக்கூட அவன்தான் ஆட்டோ புடிச்சுக் குடுத்தான். விடு. நீ நம்ம பய. உன்ன யாரு என்ன சொல்லப்போறா?"

"அதான் மாமா. யாருமே எதுவும் சொல்ல மாட்டேங்கிறீங்க."

"சொல்லலன்னா நல்லதுதானே?"

ரேடியோ சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தான். பழக்கமில்லாத வேலை, நேரம் பிடித்தது. பாத்திரக் கடையில் ஒரு முழு அடுக்குக் கண்ணாடி டம்ளரை அவன் சாய்த்தபோது முதலாளி சிரித்தார்: "அவன்கிட்ட யாருடா அடுக்கச் சொன்னது?" திட்டு வாங்கினது அடுக்கச் சொன்னவன். லாரி ஆபீசில் சரக்கைத் தப்பான ஊருக்கு ஏற்றிவிட்டபோதும் மானேஜர் வேறொருவனைத்தான் கூப்பிட்டார். குரங்கு கிளையை ஒடித்தால் யார் குரங்கிடம் போய்க் கணக்குக் கேட்கிறார்கள்? பார்த்துக்கொள்ளாத ஆளைத்தான் கேட்பார்கள்.

"உள்ளறையும் போச்சுன்னா," என்றார் மாமா, சோற்றைப் பார்க்காமலே, "கேன்காரனுக்குச் சொல்லிடலாம்னு இருக்கேன். உங்க அக்கா கை காலைப் பாத்தியா? எனக்குக் கண்ணு சரியில்லாதப்பவே தெரியுது."

"நான் எங்க போறது?"

"நீயும் இங்கதான். கேன் அடுக்கலாம்." கொஞ்சம் பொறுத்து, "வேணாம், அடுக்க வேணாம்" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் ரேடியோ தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தான்.

அடுத்த நாட்களில் மழை விட்டு விட்டுப் பெய்தது. அக்கா மட்டும் உள்ளறைக்குள் போவாள், வருவாள். போகும்போது ஒரு சேலை, வரும்போது வாசலிலேயே மாற்றி வேறு சேலை. இலையில் ஈரம் இருக்கக்கூடாதென்று ஒவ்வொரு கட்டையும் துணியில் ஒற்றி எடுத்தாள். ரேடியோ தண்ணீர் இறைத்தான், வெந்நீர் போட்டான், சேலைகளைக் கொதிக்கவைத்து அலசினான், மாமாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டான். கூடத்துக்கு வெளியே, உள்ளறைச் சுவர் ஓரமாக நின்று காதை வைத்துக் கேட்பான். தாள் திருப்புகிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அது கேட்கிறவரை சரி.

தெருவில் அவன் பேச்சுக் குறைந்துபோனதைக் கவனித்து எதிர்வீட்டுத் தையல்காரர் வேலிக்கு மேலாகக் கேட்டார்: "என்னப்பா ரேடியோ, ஸ்டேஷன் மூடிட்டாங்களா?"

"பேட்டரி வீக் அண்ணே."

"அவ்வளவுதானா? பாட்டுகூட இல்லையா?"

"மழையில எடுக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு வாளியோடு உள்ளே போய்விட்டான்.

ஒருநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் சுவரில் காதை வைத்தபோது சத்தம் குறைந்திருந்தது. நின்றுபோகவில்லை. ஆனால் பாதிப் பேர் பேனாவைக் கீழே வைத்துவிட்ட மாதிரி. அவன் வாளியை அப்படியே விட்டுவிட்டு நின்றான். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"டேய். இங்க வா."

"நானா?"

"வேற யாரு? குளிச்சிட்டு, கொடியில காயிற துணியக் கட்டிக்கிட்டு வா."

குளித்துவிட்டு வந்தான். வாசலில் ப்ளீச்சிங் தண்ணீரில் கால் நனைத்து, கையைக் கழுவி, துடைத்து, மறுபடி கழுவினான். உள்ளறைக் கதவை அதற்கப்புறம் அன்றைக்குத்தான் உதைத்துத் திறந்தான். ஒரே உதைக்குத் திறந்துகொண்டது. அது அவனுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள், முதுகைச் சுவரில் சாய்த்து, இலைத்துணி மடியில். அவள் தூங்கி எத்தனை நாளாகிறதோ. கையால் அடுக்கைக் காட்டினாள்.

புழுக்கள் நடந்துகொண்டிருந்தன.

தலையைத் தூக்கிக்கொண்டு, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை ஆட்டிக்கொண்டு, விளிம்புக்கு. அப்படியே, அச்சு அசலாக, அன்றைக்கு முன் கூடத்தில் நடந்த மாதிரி. சில அடுக்கின் காலைப் பிடித்து ஏறத் தொடங்கியிருந்தன.

"பாரு" என்றாள் அக்கா. "என் கண்ணு மங்குது. ரெண்டா தெரியுது. நீ பாத்துச் சொல்லு, என்னன்னு."

ரேடியோ குனிந்தான். தொடவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். கணு வீங்கியிருக்கிறதா? இல்லாத மாதிரி இருந்தது. சிறுத்திருக்கிறதா? சிறுத்த மாதிரியும் இருந்தது. எதிர்ப்பக்கம் தெரிகிறதா? வெளிச்சம் போதவில்லை. மினுங்கியது. அன்றைக்கும் மினுங்கத்தான் மினுங்கியது.

"எனக்குத் தெரியலக்கா."

"அன்னிக்கு மட்டும் தெரிஞ்சுச்சு."

"அன்னிக்கும் தெரியல. தெரியலன்னு தெரியல, அவ்வளவுதான்."

அக்கா முகத்தில் ஏதோ அசைந்தது, சிரிப்பென்று சொல்ல முடியாது. "உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தான். நெருப்பில் வாட்டிச் சுத்தம் செய்த ஒரே ஒரு சந்திரிகையை இரண்டு பேருக்கும் நடுவே அக்கா சாய்த்து வைத்தாள். நன்றாக மேலேறி நின்ற ஒரு புழுவை, கை படாமல், ஓர் இலைக்காம்பால் ஏந்தி அதில் விட்டாள். ஒன்று மட்டும். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புழு கொஞ்ச தூரம் ஏறியது, நின்றது. இன்னும் கொஞ்சம் ஏறியது. உச்சிக்குப் போய்விடுமோ என்று ரேடியோ முட்டி போட்டு எட்டிப் பார்த்தான். மூங்கில் சுருளின் பாதியில் நின்று தலையைத் தூக்கி ஆட்டியது. இடப்பக்கம். வலப்பக்கம். வெளியே மாமா சுவரைத் தடவிக்கொண்டு வந்து கதவருகே நிற்பது தெரிந்தது.

"என்ன ஆச்சு?" என்றார்.

"சும்மா இருங்க" என்றாள் அக்கா.

புழு கடைசியாக ஒரு சொட்டு ஈரத்தை விட்டது. வெள்ளையா? ரேடியோ நெற்றி மூங்கிலில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தான். தண்ணீர். சும்மா தண்ணீர் மாதிரி. சந்தேகமாகத்தான் இருந்தது. புழு மறுபடி தலையை ஆட்டியது. இடப்பக்கப் பட்டையை வாயால் தொட்டது. தலையை எடுத்து வலப்பக்கப் பட்டையைத் தொட்டது. மறுபடி இடப்பக்கம். ஒன்றும் தெரியவில்லை. அக்கா கையை நீட்டிச் சாக்குத் திரையை லேசாக விலக்கினாள். வெளிச்சம் சரிந்து விழுந்தது. இரண்டு பட்டைக்கும் நடுவே, காற்றில், இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஓர் இழை மின்னியது.

அக்கா இலைத்துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் ஒருமுறை குலுங்கின, பிறகு நின்றன.

"என்னன்னு சொல்லித் தொலைங்களேன்!" என்றார் மாமா கதவுக்கு வெளியிலிருந்து. "எனக்கு ஒரு கண்ணுதான் கட்டியிருக்கு, காது கட்டல."

"நூல் புடிச்சிருக்கு மாமா."

"உள்ளறை முழுக்கவா?"

"ஒண்ணு."

"ஒண்ணா?" மாமா சுவரில் சாய்ந்துகொண்டார். "சரி. கேன்காரன் சாயங்காலம் வர்றேன்னான். அடுத்த வாரம் வாப்பான்னு சொல்லிக்கிறேன்." சுவரைத் தடவிக்கொண்டே திரும்பிப் போனார். செருப்புச் சத்தம் கிணற்றடி வரை கேட்டது.

அக்கா எழுந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, சிறுத்துத் தெளிந்தவற்றை மட்டும் சந்திரிகைக்கு மாற்றத் தொடங்கினாள். நடுநடுவே கையைக் கழுவினாள். ரேடியோ தண்ணீர் ஊற்றினான். மூங்கில் சுருள்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தலைகள் ஆடத் தொடங்கின. மழை நின்று வெளியே எதிலிருந்தோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பட்டினி போட்டிருக்க இதுங்கள" என்றாள் அக்கா, புழுவைப் பார்த்துக்கொண்டே. "அன்னிக்கு ஒரு வேளை இலை இல்லாம கெடந்துச்சு. அதனாலதான் தப்பிச்சுச்சு. அந்தக் கையோட உள்ள வந்து இலை போட்டிருந்தா..."

"அப்ப என் சோம்பேறித்தனத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்ங்கிறியா?"

"போட வேணாம்."

தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தான். வேறு எதாவது சொல்லிச் சிரிக்கலாம் என்று தோன்றியது. இரண்டு மூன்று வாக்கியங்கள் நாக்கில் தயாராக இருந்தன, நல்ல வாக்கியங்கள்தான். விழுங்கினான்.

"அக்கா. பெட்டியம்மாவக் கேட்டேன், மேகம்னாங்க. மாமாவக் கேட்டேன், விடுன்னாரு. நீயாவது சொல்லு. முன் கூடம் என்னாலதானா?"

அக்கா கையிலிருந்த புழுவைப் பக்குவமாகச் சுருளில் விட்டாள். பேசினில் கையை முக்கித் தேய்த்துக் கழுவினாள். துடைத்தாள். பிறகு திரும்பி, இத்தனை நாளில் முதல்தடவையாக, அவன் முகத்துக்கு நேரே பார்த்துச் சொன்னாள்:

"ஆமாடா. நோய் வந்தது உன்னால இல்ல, அது முன்னாடியே உள்ள இருந்திருக்கு. எனக்கே தெரியாம இருந்திருக்கு. ஆனா ஒரு தட்டுல இருந்ததை அத்தன தட்டுக்கும் கொண்டுபோனது நீதான். கழுவுன்னு சொன்னேன், கழுவல. தொடாதன்னு சொன்னேன், தொட்ட. முன் கூடம் போனது உன்னாலதான்."